புழு என்றனர்!

விரத நாள். புலால் உண்ணலாகாது என்று ஊருக்கெல்லாம் விதித்திருந்த நாள். ஊர் கட்டுப்பட்டது, உழவன் காய்ந்த ரொட்டியைக் கடித்தான். விதித்தவர்களின் மேசையிலோ, பொன்னிறமாய் வறுத்த வாத்து!

புலால் அல்லவோ இது என்று கேட்போருக்கு விடை ஆயத்தமாக இருந்தது. புலாலா? இல்லை, இல்லை! இந்த வாத்துக்குத் தாயுமில்லை, தந்தையுமில்லை. முட்டையிலிருந்து வந்ததன்று. கடலில் மிதக்கும் கட்டையில் காய்த்துத் தொங்கியது. காயைத் தின்பதில் பாவம் ஏது!

வேடிக்கைக்காகக் கட்டிவிட்ட கதை என்று எண்ணிவிட வேண்டாம். வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்டு என்பவர், அயர்லாந்து சென்று திரும்பியபின், சுமார் 1188-ஆம் ஆண்டில் ஏடொன்று எழுதினார். அந்த வாத்துகள் கடற்கட்டையிலே முளைப்பதைக் கண்ணாரக் கண்டேன் என்றார். ஒன்று இரண்டு அல்ல, ஆயிரத்துக்கு மேல் கண்டாராம்! அந்நாட்டு ஆயர்களும் துறவிகளும் நோன்பு நாட்களில் அவற்றைத் தயக்கமின்றி உண்டனர் என்றும் அவரே எழுதி வைத்தார். அத்துடன் விட்டாரா? தாய் தந்தையின்றியே பறவை பிறக்கும்போது, கன்னி வயிற்றில் மகவு பிறந்ததை ஏன் ஐயுறுகிறீர் என்று யூதர்களைப் பார்த்து வாதாடவும் அந்த வாத்தையே சான்றாக இழுத்து வந்தார். பொய்யான விலங்கியல், நாவுக்கு விருந்தும் நம்பிக்கைக்குத் தூணும் ஆயிற்று. 1215-ஆம் ஆண்டில் மூன்றாம் இன்னொசென்ட் என்ற போப்பாண்டவரே தலையிட்டு, நோன்பு நாளில் இந்த வாத்தை உண்ணாதீர் என்று தடுக்க நேர்ந்ததாம்.

அந்தக் கட்டையில் உண்மையில் தொங்கியது என்ன? கொட்டலசு என்னும் சிற்றுயிர். கப்பலின் அடியிலும் கடற்பாறையிலும் மிதக்கும் மரத்திலும் ஒட்டி வாழ்வது. அதில் ஒரு வகைக்கு நீண்ட காம்பு. காம்பின் நுனியில் வெளிர்நிற ஓடு. ஓட்டின் இடுக்கிலிருந்து இறகுபோல் நீண்டு நெளியும் கால்கள். காம்பைக் கழுத்தென்றனர், ஓட்டை அலகென்றனர், காலை இறகென்றனர், வாத்து ஆயத்தம்! அந்த வாத்துகளோ, பனி சூழ்ந்த வட துருவக் கரைகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் மட்டும் அயர்லாந்துப் பக்கம் வருபவை. கூட்டைக் கண்டவர் எவருமில்லை. காணாததைக் கற்பனை நிரப்பிற்று.

ஐயுற்றவர் இல்லாமலில்லை. இரண்டாம் பிரெடரிக் என்ற பேரரசன் — போப்பாண்டவரால் மதத்திலிருந்து ஒருமுறைக்கு இருமுறை விலக்கி வைக்கப்பட்டவன் — பறவைகளைப் பற்றித் தானே நூல் எழுதியவன். வடநாட்டுக்கு ஆள் அனுப்பி, அந்தக் கட்டைகளை வரவழைத்து, ஓடுகளைப் பார்வையிட்டான். பறவை போன்ற உரு எதுவும் அவற்றில் இல்லை. "வாத்துகள் தொலைவில் எங்கோ கூடு கட்டுகின்றன; அதை அறியாதவர் கட்டிய கதை இது" என்ற முடிவுக்கு வந்தான். முடிசூடியவன் சொல்லியும் மூடத்தனம் மடியவில்லை. 1596-ஆம் ஆண்டில் வடகடலில் வழி தேடிச் சென்ற டச்சு மாலுமிகள், இந்தக் கதைக்கு உரிய வாத்தினம் முட்டைமேல் அமர்ந்து அடைகாப்பதை ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் நேரில் கண்டு எழுதினர். அதன் பிறகும் கதை நூறாண்டுக்கு மேல் உலவிற்று.

வாத்தைக் கேலி செய்வது எளிது. கேள்வி அதுவல்ல. கற்றோரும் இதை ஏன் நம்பினர்? சிற்றுயிர்களைப் பற்றி அன்றிருந்த இரண்டு எண்ணங்கள் அதற்கு இடம் கொடுத்தன. ஒன்று: சிறியவை பெற்றோரின்றி, சேற்றிலும் அழுக்கிலும் தாமாகவே தோன்றும். மற்றொன்று: படைப்பு ஓர் ஏணி, அதில் சிறியவை அடிப்படி, அடிப்படியில் கிடப்பவை ஆராயத் தக்கவையல்ல. இவ்விரண்டும் எவ்வாறு தகர்ந்தன என்பதே விலங்குகளை வகைப்படுத்தும் அறிவின் வரலாறு. தகர்த்தவை யானையுமன்று, சிங்கமுமன்று. ஈ, பேன், புழு, கொட்டலசு!

* * *

முதலில் முறையாக வகுத்தவர் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில், கி.மு. 384 முதல் 322 வரை வாழ்ந்தவர். லெஸ்போஸ் தீவின் காயற்கரையில் மீனவர்களோடு பேசி, வலையில் வந்தவற்றை அறுத்துப் பார்த்து, சுமார் 500 வகை விலங்குகளைப் பற்றி எழுதினார். செங்குருதி உடையவை, அது இல்லாதவை என்று இரண்டாகப் பிரித்தார். குருதியற்றவற்றை மெல்லுடலின, மென்தோட்டின, வன்தோட்டின, உடல் துண்டுபட்டவை என மீண்டும் நான்காக்கினார். டால்பின் மீனல்ல, காற்றை மூச்சிழுத்துக் குட்டி ஈன்று பாலூட்டுவது என்று அன்றே கண்டார். இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் இத்துணை நுட்பம்! மதிக்கிறோம், தலை வணங்குகிறோம்.

ஆனால் அந்தக் கூரிய கண்ணும் சிற்றுயிரிடம் வந்தபோது சோர்ந்தது. சில பூச்சிகள் பனித்துளியில் பிறக்கின்றன, சில சாணத்தில், விலாங்கு மீன் சேற்றில் என்றார். தேன்கூட்டின் தலைவியை அரசன் என்றார். உயிர்களை மேல் கீழென அடுக்கினார். அடிமையும் இயற்கையின் ஏற்பாடே என்று வேறொரு நூலில் எழுதியதும் அதே கை. இடைக்காலத்து மதவாணர் அந்த அடுக்கை ஏணியாக நீட்டினர். கல், செடி, புழு, மீன், பறவை, விலங்கு, மனிதன், தேவதூதன், ஆண்டவன்! மனிதப் படியிலும் மன்னன் மேலே, மண்ணுழுபவன் கீழே. ஏணியைப் போட்டவன் ஆண்டவன். ஆகவே அசைக்காதே என்பது அதன் கருத்து.

நம் தொல்காப்பியத்திலும் உயிர்ப் பாகுபாடு உண்டு. மரபியலில் உயிர்களைப் புலனறிவு கொண்டு பிரிக்கிறார் ஆசிரியர். தொடுகை மட்டும் அறிவன புல்லும் மரமும். சுவையும் சேர்ந்தால் நத்தை போன்றவை. மூக்கறிவும் சேர்ந்தால் சிதலும் எறும்பும். கண்ணும் சேர்ந்தால் நண்டும் தும்பியும். பிறகு செவியும் உடைய விலங்குகள். மனமும் உடைய மக்கள். புராணப் பிறப்புக் கதை எதையும் அளவுகோலாக்காமல், எந்த உயிர் எதை உணர்கிறது என்று கேட்ட நேர்மை பாராட்டத் தக்கது. நீரில் ஊரும் நண்டையும் வானில் பறக்கும் தும்பியையும் ஒரே வகுப்பில் வைத்திருப்பதும் வியப்பு. இன்றைய விலங்கியலும் இரண்டையும் கணுக்காலிகள் என்ற ஒரே தொகுதியில்தான் வைக்கிறது. எனினும், அனைத்தும் அன்றே கண்டோம் என்று மார்தட்டுவது அறிவுடைமையன்று. இதுவும் படிமுறையே. எறும்புக்குக் கண்ணுண்டு என்று காண்பதற்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. சிதல் என்று நம் முன்னோர் சொன்னது கறையானை. அதை எறும்போடு இணை சேர்த்ததை நினைவில் வைத்திருங்கள். கடைசியில் மீண்டும் வருவோம்.

* * *

"சேற்றிலே உயிர் பிறக்கிறதா? பார்ப்போமே!" என்று முதலில் துணிந்தவர், இத்தாலியில் டஸ்கனி நாட்டு அரண்மனை மருத்துவர் பிரான்செஸ்கோ ரெடி. 1668-ஆம் ஆண்டில் அவர் செய்த சோதனையை அடுக்களையிலேயே நாம் செய்து பார்க்கலாம். பாம்பிறைச்சி, மீன், விலாங்கு, கன்றிறைச்சி என நான்கையும் குடுவைகளில் இட்டார். சிலவற்றைத் திறந்து வைத்தார். அதேபோன்ற வேறு சிலவற்றை இறுக மூடினார். திறந்தவற்றில் புழு நெளிந்தது; மூடியவற்றில் இறைச்சி அழுகியது, புழு இல்லை. காற்றுப் புகாததால்தான் பிறக்கவில்லை என்று வாதிட்டால்? அதற்கும் வழி கண்டார். காற்று நுழையும், ஈ நுழையாத மெல்லிய துணியால் மூடினார். ஈக்கள் வந்து துணிமேல் முட்டையிட்டன. இறைச்சியில் புழு இல்லை! புழுவுக்குத் தாயுண்டு, அவள் பெயர் ஈ என்பது விளங்கிற்று.

அறிஞரும் மனிதரே. இலையிலும் தண்டிலும் வீங்கும் கழலைகளுக்குள் இருக்கும் பூச்சிகளை அந்த மரமே பிறப்பிக்கிறது என்று ரெடி எண்ணினார். அவருக்குப் பின் வந்தவர் அதையும் திருத்தினர். அறிவியல், ஒருவர் தவறினால் மற்றவர் திருத்தும் துறை. திருத்தினால் தீட்டாகும் என்று சொல்லும் ஏடு அதற்கு இல்லை.

டெல்ஃப்ட் நகரிலே ஒரு துணி வணிகர் — ஆண்டனி வான் லேவன்ஹுக். பல்கலைக் கழகம் பாராதவர். கற்றோர் மொழியாகிய லத்தீன் அறியாதவர். கண்ணாடி வில்லைகளைத் தம் கையாலேயே தேய்த்துத் தேய்த்து, பொருள்களை 200 மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டும் கருவிகள் செய்தார். கிழக்கிலிருந்து கப்பலேறிச் சென்ற மிளகு ஏன் காரமாயிருக்கிறது என்பது அவர் ஐயம். நுண்ணிய முட்கள் இருக்குமோ என்று எண்ணி, மிளகை நீரில் ஊறவைத்தார். 1676-ஆம் ஆண்டில் அந்த ஊறல் நீரைப் பார்த்தார். முள்ளைக் காணோம், உயிர்களைக் கண்டார்! ஒரு துளியில் ஆயிரமாயிரம். துள்ளுவன, சுழல்வன, ஊர்வன!

லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தம் டச்சு மொழியிலேயே கடிதம் எழுதினார். கற்றவர் நம்பவில்லை. நகரப் பெரியவர் எண்மரை, மதபோதகர்கள் உட்பட, அழைத்துக் கருவியில் காட்டி, கண்டோம் என்று கையெழுத்து வாங்கி அனுப்பினார். 1677-இல் ராபர்ட் ஹுக் என்ற அறிஞர் தாமே அச்சோதனையைச் செய்து பார்த்து, வணிகர் சொன்னது மெய் என்று அவையோருக்குக் காட்டினார். 1680-இல் அந்தச் சங்கம் லேவன்ஹுக்கை உறுப்பினராக்கிற்று. பட்டம் கேட்கவில்லை, குலம் கேட்கவில்லை. காட்டு, காண்கிறோம் என்றது. அறிவுலகின் நீதி இவ்வளவே.

அதே நாட்டில் யான் சுவாம்மர்டாம் என்ற மருத்துவர், தேனீயை அறுத்துப் பார்த்தார். அரசன் என்று ஆயிரமாயிரம் ஆண்டுகளாய்ச் சொல்லப்பட்ட அந்த ஈயின் வயிற்றில் சூலகம் இருந்தது! அரசனல்ல, அன்னை! கம்பளிப்புழு இறந்து, பட்டாம்பூச்சியாக மறுபிறவி எடுக்கிறது என்று போதித்து வந்தனர். புழுவின் தோலை உரித்து, அதனுள் மடிந்து கிடக்கும் சிறகையும் காலையும் அவர் எடுத்துக் காட்டினார். மறுபிறவி அன்று, வளர்ச்சி! உள்ளே இருந்தது வெளியே வந்தது.

* * *

மரியா சிபில்லா மேரியனின் வாழ்வைச் சற்று நின்று காண வேண்டும். 1647-இல் பிராங்பர்ட் நகரில் பிறந்தவர். 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்த்து, அதன் ஒவ்வொரு நிலையையும் வரைந்தார். பெண்ணுக்குப் பூவேலை போதாதா, புழுவேலை எதற்கு என்று கேட்கும் காலம். 1699-இல், 52-ஆம் வயதில், கணவன் துணையின்றி, இளைய மகளை அழைத்துக்கொண்டு அட்லாண்டிக் கடலைத் தாண்டி, தென்னமெரிக்காவில் டச்சுக்காரர் ஆண்ட சூரினாம் சென்றார். எதற்கு? பொன்னுக்கா? பூச்சிகளைக் காண!

அங்கே கரும்புத் தோட்ட முதலாளிகள் ஏளனம் செய்தனர். சர்க்கரை தவிர வேறெதையும் தேடுவோரைக் கண்டு நகைக்கின்றனர் என்று அவரே எழுதினார். அவருக்குக் காடு காட்டியவர்கள் அந்நாட்டுப் பழங்குடி மக்களும், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளுமே. 1701-இல் நோயோடு திரும்பி, 1705-இல் வெளியிட்ட பெருநூலில், எந்தப் புழு எந்த இலையைத் தின்று எந்தப் பட்டாம்பூச்சி ஆகிறது என்று ஒரே படத்தில் காட்டினார். விலங்கைத் தனியே பிடித்துக் குத்தி வைக்காமல், வாழும் செடியோடு சேர்த்துக் கண்ட கண் அவருடையது. பின்னர் லின்னேயஸ் பல பூச்சிகளுக்குப் பெயரிட அந்நூலையே ஆதாரமாகக் கொண்டார்.

அந்தப் பூச்சி நூலில் நெஞ்சைச் சுடும் பக்கம் ஒன்றுண்டு. நம் ஊர்த் தெருவோரங்களில் சிவந்து பூக்கும் மயில்கொன்றை சூரினாமிலும் உண்டு. அச்செடியை வரைந்து, பக்கத்தில் எழுதினார்: இதன் விதையைத் தின்று அடிமைப் பெண்கள் தம் கருவைக் கலைக்கின்றனர், தம்மைப்போல் தம் பிள்ளையும் அடிமையாகக் கூடாது என்பதற்காக. அதை அப்பெண்களே அவரிடம் சொன்னார்கள். புழுவைக் குனிந்து பார்க்கக் கற்றவருக்கு, புழுவினும் கீழாக நடத்தப்பட்டவரின் குரலும் கேட்டது.

* * *

கண்டவை பெருகின. ஆனால் ஒவ்வோர் ஊரில் ஒவ்வொரு பெயர். ஒவ்வொரு நூலில் ஒவ்வோர் அடுக்கு. ஒழுங்கு செய்ய வந்தவர் சுவீடன் நாட்டுக் கார்ல் லின்னேயஸ். 1707-இல் பிறந்தவர். 1735-இல் அவர் வெளியிட்ட 'இயற்கையின் ஒழுங்குமுறை' என்ற ஏடு, அகன்ற தாளில் பத்துப் பன்னிரண்டு பக்கங்களே. 1758-இல் வந்த பத்தாம் பதிப்போ பெருநூல். 4,000-க்கும் மேற்பட்ட விலங்கினங்கள் அதில். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல்லில் பெயர்: முதற்சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். உலகெங்கும் விலங்குப் பெயரிடும் மரபுக்கு இன்றும் அந்தப் பதிப்பே தொடக்கம். முதற்பதிப்பில் மீனோடு வைத்திருந்த திமிங்கிலத்தை, பாலூட்டுவது கண்டு பாலூட்டிகளோடு சேர்த்தார். தவறென்று தெரிந்தது, மாற்றினார்.

மனிதனை என்ன செய்தார்? விலங்குகளின் பட்டியலிலேயே, குரங்குகளின் வரிசையிலேயே வைத்தார்! எதிர்ப்பு எழுந்தது. 1747-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், மனிதனையும் வாலில்லாக் குரங்கையும் பிரித்துக் காட்டும் உடற்கூறு ஏதேனும் உண்டா, சொல்லுங்கள் என்று கேட்டார். இரண்டும் ஒன்றே என்று எழுதினால் மதவாணர் அனைவரும் தம்மீது பாய்வர் என்றும் குறிப்பிட்டார். துணிவு போற்றத் தக்கது.

ஆனால், தோழர்களே, வகுக்கும் கை வழுக்கும் இடமும் அதுவே! அதே ஏட்டில் மனித இனத்தை நிறம் பார்த்து நான்காகப் பிரித்தார். ஐரோப்பியன் அறிவுக் கூர்மையுடையவன், சட்டத்தால் ஆளப்படுபவன், ஆசியன் பேராசைக்காரன், ஆப்பிரிக்கன் சோம்பேறி, தந்திரக்காரன், இந்த வகையில் எழுதினார். வண்டின் காலை எண்ணிப் பார்த்து எழுதியவர், மனிதனைப் பற்றி எண்ணிப் பாராமலே எழுதினார். அவர் சூரினாமில் கரும்பு வெட்டியவனைக் கண்டதில்லை; கண்டவர் சொன்ன கதையைக் கேட்டார். அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, அடிமை வாணிகத்துக்கு அறிவியல் முத்திரை குத்த முனைந்தோர் எத்தனை பேர்! பிறப்பிலேயே குணம் எழுதப்பட்டிருக்கிறது என்ற பேச்சு நமக்குப் புதிதா என்ன! அங்கே லத்தீனில் எழுதினர், மொழிதான் வேறு. 2003-ஆம் ஆண்டில் மனித மரபணுத் தொகுதியைப் படித்து முடித்த அறிவியல் சொல்வதென்ன? எந்த இரு மனிதரை எடுத்தாலும் மரபணு எழுத்துகளில் ஆயிரத்தில் 999 ஒன்றே. லின்னேயஸின் அந்தப் பக்கத்தை அறிவியலே கிழித்தெறிந்தது.

அவர் தவறிய மற்றோர் இடம், சிற்றுயிர். முதுகெலும்புள்ளவற்றுக்கு நான்கு வகுப்புகள் கொடுத்தவர், மற்ற அனைத்துக்கும் இரண்டே கொடுத்தார்: பூச்சி, புழு! நண்டையும் சிலந்தியையும் பேனையும் கறையானையும் சிறகில்லாப் பூச்சி என்ற ஒரே கூடையில் போட்டார். மிச்சமெல்லாம் புழு, நத்தை புழு, நட்சத்திர மீன் புழு, கொட்டலசும் புழு! கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு 1767-இல் அவர் வைத்த பேரினப் பெயர் 'கேயாஸ்' — குழப்பம் என்று பொருள்! காம்புடைய கொட்டலசுக்கு இட்ட பெயரோ 'லெபாஸ் அனாட்டிஃபெரா'. பிற்பாதியின் பொருள், வாத்தைச் சுமப்பது! கதை செத்தது; பெயரில் அதன் எலும்புக்கூடு இன்றும் தொங்குகிறது.

* * *

1793-ஆம் ஆண்டு. பாரிஸ் நகரம். ஜனவரியில் மன்னன் பதினாறாம் லூயியின் தலை உருண்டது. ஜூனில் மன்னனின் பூந்தோட்டம் மக்களின் அருங்காட்சியகம் ஆயிற்று. பேராசிரியர் பதவிகள் பன்னிரண்டு. பெருவிலங்குகள் 21 வயது இளைஞர் ஒருவருக்குக் கிடைத்தன. எவரும் விரும்பாத துறை ஒன்று எஞ்சியது: பூச்சி, புழு, நுண்ணுயிர். அதுவரை செடிகளையே ஆராய்ந்து வந்த, ஐம்பதை நெருங்கிய லமார்க்கிடம் அது தள்ளப்பட்டது.

அவர் முகம் சுளிக்கவில்லை. குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தார். முதுகெலும்பற்ற விலங்குகள் என்று அவற்றுக்குப் பொதுப்பெயர் தந்தவர் அவரே. நண்டைப் பூச்சியிலிருந்து பிரித்தார், சிலந்தியைப் பிரித்தார், வளைய உடலுடைய மண்புழுவைத் தனி வகுப்பாக்கினார். இரண்டு வகுப்பாகக் கிடந்தது, 1809-இல் அவர் வெளியிட்ட நூலில் பத்தாயிற்று. அவற்றுள் கொட்டலசுக்கும் தனி வகுப்பு! சிப்பிகளை வரிசையாய் அடுக்கி வந்தவருக்கு, ஓரினம் மற்றோரினமாய்ச் சிறிது சிறிதாக நெகிழ்வது தெரிந்தது. இனங்கள் படைத்தவாறே நிற்பவை அல்ல, மாறுபவை என்று அறிவித்தார். எப்படி மாறுகின்றன என்பதற்கு அவர் தந்த விளக்கம் பின்னர் நிலைக்கவில்லை. மாறுகின்றன என்ற மூலக் கருத்து நிலைத்தது.

முதுமையில் கண் பார்வை போயிற்று. ஏழு தொகுதிகளாக வந்த பெருநூலின் பிற்பகுதியை மகளின் துணையோடு முடித்தார். 1829-இல் வறுமையில் மறைந்தார். குத்தகைக் கல்லறையில் புதைத்தனர்; தவணை முடிந்ததும் எலும்புகளை அகற்றினர். இன்று எங்கே என்று காட்ட இடமில்லை. புழுவுக்கு வாழ்வளித்தவரின் உடல், கிடந்த இடம் தெரியாமல் மண்ணோடு கலந்தது!

* * *

கொட்டலசின் வழக்கு அத்துடன் தீரவில்லை. லமார்க்குக்குப் பிறகும் அதைச் சிப்பியோடு சேர்த்தவர் உண்டு, ஓடு இருக்கிறதல்லவா! 1830-இல், அயர்லாந்தின் கார்க் துறைமுகப் பகுதியில் வாழ்ந்த ஜான் வான் தாம்சன் என்ற படை மருத்துவர், கடல்நீரில் நீந்தும் மிகச் சிறு குஞ்சுகளைப் பிடித்து வைத்துக் கவனித்தார். இறால் குஞ்சுபோல் நீந்தியவை, ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, ஓடு வளர்த்துக் கொட்டலசாயின! ஓடு வேடம், பிறப்பு நண்டினம். ஜெரால்டு பாதிரியார் வாத்தைப் பார்த்த அதே அயர்லாந்துக் கடற்கரையில், ஆறு நூற்றாண்டுக்குப் பின், உண்மையைப் பார்த்தார் ஒரு மருத்துவர். கடல் ஒன்றே; கண் வேறு!

அந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டு எட்டாண்டுகள் கொட்டலசோடே வாழ்ந்தவர் சார்லஸ் டார்வின். 1846 முதல் 1854 வரை, உலகின் பல கடல்களிலிருந்தும் வந்தவற்றை அறுத்து ஆராய்ந்தார். அவர் பிள்ளை ஒன்று பக்கத்து வீட்டுக்குச் சென்றபோது, உங்கள் அப்பா கொட்டலசு வேலையை எங்கே செய்வார் என்று கேட்டதாம். எல்லா அப்பாவுக்கும் அதுவே தொழில் என்று எண்ணம்! அந்த எட்டாண்டு உழைப்பில் அவர் கண்டது, இனங்களுக்கு இடையே கறாரான கோடு இல்லை என்பது. 1859-இல் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது. வகைப்பாடு என்பது ஆண்டவன் மனத்திலிருந்த அடுக்கைக் கண்டுபிடிப்பதன்று, உறவைக் கண்டுபிடிப்பது. யார் மேல், யார் கீழ் என்பதன்று, யாருக்கு யார் உறவு என்பதே என்றாயிற்று. ஏணி விழுந்தது, அந்த இடத்தில் மரம் எழுந்தது. மரத்தில் உச்சாணிக் கிளை உயர்ந்த குலமென்பதில்லை; எல்லாக் கிளைக்கும் அடிமரம் ஒன்றே.

அந்நாட்களிலேயே பிரான்சில் பாஸ்டர், வளைந்த கழுத்துடைய குடுவைகளைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரும் தானாய்ப் பிறப்பதில்லை என்று காட்டினார். முதல் மூடநம்பிக்கையும் முடிந்தது.

டார்வினின் கடைசி நூல் எதைப் பற்றியது தெரியுமா? 1881-இல் வந்த அந்நூல் மண்புழுவைப் பற்றியது! புழுக்களின் முன் இசைக்கருவியை ஊதச் செய்தும் பியானோ வாசிக்கச் செய்தும் செவிப்புலன் உண்டா என்று சோதித்தார். ஓசைக்கு அவை அசையவில்லை, அதிர்வுக்கு அசைந்தன. இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண், புழுக்களின் உடல் வழியே சென்று மேலே வருகிறது என்று கணக்கிட்டார். கலப்பை தோன்றுமுன் உழுதவன் புழு! உழுபவனைக் கீழ்ப்படியில் வைத்த ஏணி, புழுவையும் அங்கேதான் வைத்திருந்தது.

* * *

இனி நம் ஊர்ப் புற்றுக்கு வருவோம். லின்னேயஸின் மாணவர் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார்: மருத்துவர் யோகான் கெரார்ட் கோனிக். 1768-இல் டேனிஷ்காரர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு வந்து, 1785-இல் மறையும் வரை செடிகளையும் பூச்சிகளையும் திரட்டினார். அவர் அனுப்பிய பூச்சிகளுக்கு ஐரோப்பாவில் ஃபாப்ரீசியஸ் என்ற அறிஞர் பெயர் சூட்டினார். தரங்கம்பாடியின் பெயர் அப்பட்டியல்களில் பல இடங்களில் காணப்படும். கோனிக் தாமே எழுதியவற்றுள் ஒன்று, 1779-இல் ஜெர்மன் மொழியில் வந்த கட்டுரை. பொருள், நம் கறையான்! அவர்கள் அதை வெள்ளெறும்பு என்றனர். எறும்பு என்றே அங்கும் எண்ணம்.

வெள்ளெறும்பு, எறும்பே அன்று! எறும்பின் உறவினர் குளவியும் தேனீயும். கறையானின் உறவினரோ, நம் அடுக்களை மூலையில் ஓடும் கரப்பான்! மரத்தைத் தின்னும் ஒருவகைக் கரப்பானின் குடலிலும் கறையானின் குடலிலும் ஒத்த நுண்ணுயிர்கள் உள்ளன என்று 1934-இல் வெளிவந்த ஆராய்ச்சி உறவைச் சுட்டிற்று. 2007-இல் மரபணு ஆய்வு தீர்ப்பளித்தது: கறையான், கூடி வாழக் கற்ற கரப்பான் குடும்பத்தது. தனி வரிசையாய் அதற்கிருந்த இடம் நீக்கப்பட்டு, கரப்பான் வரிசையில் சேர்க்கப்பட்டது. தொல்காப்பியர் இணைத்ததும், ஐரோப்பியர் இணைத்ததும், பின்னாளில் பாடநூல்கள் தனியே வைத்ததும் திருத்தப்பட்டன. எவர் மனமும் புண்படவில்லை. எந்தக் கோயிலும் இடியவில்லை. தெரிந்தது, மாற்றினர்.

நாமோ அந்தப் புற்றுக்கு மஞ்சள் பூசி, முட்டை வைத்து, பால் ஊற்றுகிறோம் — உள்ளே நாகம் இருக்கிறதாம்! புற்றைக் கட்டியது நாகமன்று; பாம்புக்குக் கட்டும் கையேது, காலேது? இலட்சக்கணக்கான குருட்டுத் தொழிலாளர்கள் உமிழ்நீரில் மண்ணைக் குழைத்து, கடுகளவு கடுகளவாய்ச் சுமந்து எழுப்பிய மாளிகை அது. உள்ளே காளான் பயிரிடும் தோட்டம், காற்றோட்டத்துக்கு வழி. கட்டி முடித்தபின் குடியேறியது பாம்பு, பால் அதற்கு! கட்டியவன் பெயரை நாம் கேட்டதுமில்லை. ஊற்றிய பாலும் பாம்பு குடிக்கவில்லை; புற்றை நனைத்து வீணாயிற்று.

இன்று உலகில் பெயரிடப்பட்ட விலங்கினங்கள் ஏறத்தாழ 15 லட்சம். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை முதுகெலும்பற்றவை. பூச்சிகள் மட்டுமே 10 லட்சம் அளவில். அன்று குப்பைக் கூடையில் எறிந்தவையே உயிருலகின் பெரும்பான்மை! பெயரிடப்படாதவை இன்னும் பன்மடங்கு. அவற்றைக் காணப் பெருங்கருவி தேவையில்லை. ஐம்பது ரூபாய் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று, குறிப்பேடு ஒன்று, மழை பெய்த மறுநாள் காலை ஒன்று போதும். படிப்பகத்துக்கு வரும் இளைஞர்கள் ஞாயிறுதோறும் ஊர் எல்லையில் ஒரு சாண் நிலத்தைக் குனிந்து பார்த்து, கண்டதைத் தேதியோடு எழுதி வைக்கட்டும். கால்களை எண்ணுங்கள்: ஆறு என்றால் பெரும்பாலும் பூச்சி, எட்டென்றால் சிலந்தியின் சுற்றம், அதற்கும் மேலென்றால் நண்டோ மரவட்டையோ. டெல்ஃப்ட் துணி வணிகர் அவ்வாறுதான் தொடங்கினார்.

அடுத்த முறை எவனையேனும் புழுவே என்று ஒருவன் இகழக் கேட்டால், அவனைக் கேளுங்கள்: "ஐயா, புழுவை நீர் பார்த்ததுண்டா?"